கோச்சியில் இந்தியா போன காலம்



டிசம்பர் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சேர், பிள்ளைகளோடு இந்தியாவை ரயிலில் சுற்றிப் பார்க்க ஏதாவது பாஸ் இருக்கா?" இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நம்மில் பலர் மறந்துவிட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருவோம்.

மட்டக்களப்புக்கு ரயில் பாதை வந்தது 1928இல். அதற்கு முன் கொழும்புக்குப் போவதென்றால் கப்பல், இல்லாவிட்டால் பதுளை வழியான நீண்ட தரைப் பயணம். கோச்சி வந்த பின்னர் ஏறாவூர், வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்லோயாச் சந்தி, மாகோ என்று ஏறத்தாழ 350 கிலோமீட்டரில் கொழும்பு கிட்டியது. இதில் மாகோ முக்கியமான இடம். நம் பாதை வடக்குப் பாதையோடு சேர்வது அங்கேதான். அங்கே இறங்கி வடக்கே போகும் வண்டியில் ஏறினால் அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் துறையை அடையலாம்.

தலைமன்னாரில் ரயிலும் கப்பலும் கைகோத்து நின்றன. 1914 பெப்ரவரி 24ஆம் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு தனுஷ்கோடி வரை இந்திய ரயில் வந்தது. இடையில் இருந்த கடல் இருபது மைல் சொச்சம். அதைக் கடக்க இர்வின், கோஷென் போன்ற நீராவிக் கப்பல்கள் ஓடின. கொழும்புக் கோட்டையில் ஒரே டிக்கெட் வாங்கினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று மெட்ராஸ் எழும்பூர் வரை போகலாம். 'போட் மெயில்' என்ற பெயர் வந்தது அதனால்தான்.

நம் பகுதி மக்கள் இந்த வழியை எதற்குப் பயன்படுத்தினார்கள்? மூத்தோர் பெயர்களைப் பார்த்தாலே ஒரு பதில் கிடைக்கும். பல ஆலிம்களின் பெயருக்குப் பின்னால் 'பாக்கவி' என்றும் 'ஜமாலி' என்றும் வருகிறதல்லவா? பாக்கவி என்றால் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர். ஜமாலி என்றால் சென்னை பெரம்பூர் ஜமாலியாவில் ஓதியவர். போட் மெயிலில் போய் விழுப்புரத்தில் மாறினால் வேலூருக்கு வண்டி இருந்தது. நம் மத்ரஸாக்களின் வரலாற்றில் இந்தத் தண்டவாளத்துக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பயணம் நாகூருக்கு. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்றுவது நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாகத்தான். தர்கா ஸியாரத் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவோம். இங்கே பேசுவது மார்க்கத் தீர்ப்பல்ல. இரு கரைகளுக்கும் இடையில் எவ்வளவு போக்குவரத்து இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று, அவ்வளவுதான். திருச்சியில் மாறித் தஞ்சாவூர் வழியாகப் போனால் நாகூர் வரை ரயில் இருந்தது.

இந்த வழி ஒரே நாளில் மூடப்படவில்லை. 1948இல் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் வந்ததோடு கடவுச்சீட்டும் விசாவும் அவசியமாகின. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருடன் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியைக் கடல் கொண்டுபோனது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பார்த்த நம் ஊர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அதன் பின் 'இராமானுஜம்' கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடியது. 1980களின் நடுப்பகுதியில் யுத்தம் அதையும் நிறுத்தியது. 1990இல் தலைமன்னார் ரயிலும் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். நமக்கும் 1990 எப்படிப்பட்ட ஆண்டு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மட்டக்களப்பு வரை ரயிலே வராமல் இருந்த காலங்களையும் கண்டோம்.

இப்போது துண்டுகள் மெல்ல மெல்லச் சேர்கின்றன. தலைமன்னார் துறை வரை 2015இல் மீண்டும் ரயில் வந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பயணிகள் கப்பல் தொடங்கியது. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி அனுராதபுரத்தில் மாகோ - ஓமந்தைப் பாதை திறந்துவைக்கப்பட்டது. அதே நாளில் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. ஆனால் தலைமன்னார்க் கப்பல்தான் இன்னும் வரவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். வெளிநாட்டவருக்கென்று 'இன்ட்ரெயில் பாஸ்' என்ற ஒன்றை இந்திய ரயில்வே வைத்திருந்தது. அரை நாள் முதல் 90 நாள் வரை, வெளிநாட்டுப் பணத்தில் வாங்க வேண்டும். 2017இல் அது நிறுத்தப்பட்டது. பழைய வழிகாட்டி நூலில் அதைக் கண்டு யாரும் ஏமாற வேண்டாம்.

இன்று இருப்பவை இரண்டு. ஒன்று, வெளிநாட்டுப் பயணிகளுக்கான தனி ஒதுக்கீடு. கடவுச்சீட்டைக் காட்டி 365 நாட்களுக்கு முன்பே ஆசனம் பதியலாம். உள்நாட்டவருக்கு 60 நாட்கள்தான். எல்லா வண்டியிலும் இது இல்லை. இரண்டாவது, சுற்றுப் பயண டிக்கெட். புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வர வேண்டும், வழியில் அதிகபட்சம் எட்டு இடங்களில் இறங்கித் தங்கலாம். தூரம் கூடக் கூடக் கட்டண வீதம் குறையும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆசனப் பதிவு தனி. நான்கைந்து ஊர்கள் பார்ப்பவருக்கு இது பொருந்தும். ஓர் ஊரில் தங்கித் திரும்புபவருக்குச் சாதாரண டிக்கெட்டே போதும். முதலில் ஊர்களை எழுதுங்கள், பிறகு டிக்கெட்டைத் தெரியுங்கள். கப்பலில் போக நினைப்பவர்கள் அது ஓடும் நாட்களை உறுதி செய்த பின்னரே மற்றதைப் பதியுங்கள். நாகப்பட்டினத்தில் இறங்கினால் நாகூர் மிகக் கிட்ட.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1964இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதுக்கு மேல். தனுஷ்கோடி வழியே போனவர்கள் நம் ஊர்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். உங்கள் வீட்டு மூத்தாப்பா, மூத்தம்மாவிடம் கேளுங்கள். எந்த ஆண்டு போனார்கள், எங்கே மாறினார்கள், எவ்வளவு செலவானது, யாரைச் சந்தித்தார்கள் என்பதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அலுமாரியில் பழைய கடவுச்சீட்டோ டிக்கெட்டோ இருந்தால் எறிந்துவிடாமல் படம் எடுத்து வையுங்கள். "கிழக்கு முஸ்லிம்கள் வெளியுலகம் அறியாத ஒரு மூலையில் இருந்தவர்கள்" என்று நாளை யாராவது எழுதினால், இல்லை என்று காட்ட நம் கையில் ஆதாரம் வேண்டும்.

தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அந்த வழியே போய் இன்று நம்மோடு இல்லாத அனைவருக்கும் அல்லாஹ் சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.