வீட்டை விற்கப் போறீங்களா? முதலில் கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள்

அப்பா அம்மா 20 வருடமாகக் குடியிருந்த தாமான் வீட்டை விற்க முடிவெடுத்தாச்சு. ஏஜென்ட் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "முன்னாடி கொஞ்சம் சரி பண்ணுங்க, அப்புறம் போட்டோ எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்று இரவே வீட்டில் கூட்டம். மாமா டைல்ஸ் போடச் சொல்வார். அண்ணன், "லேண்ட்ஸ்கேப் ஆளைக் கூப்பிடலாம், பத்தாயிரம் வெள்ளி போதும்" என்பார். அம்மா மட்டும் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார்.

இதில் யார் சொல்வதைக் கேட்பது?

போட்ட காசு திரும்பி வருமா?

பெரும்பாலும் நீங்கள் நினைக்கிற வழியில் வராது. வாங்குபவர் வங்கிக் கடன் எடுக்கும்போது, வங்கி தன் மதிப்பீட்டாளர் சொல்லும் விலையைப் பார்க்கும். அவர் அக்கம்பக்கத்தில் இதே மாதிரி வீடுகள் அண்மையில் என்ன விலைக்குப் போயின, நிலம் எவ்வளவு, கட்டடம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார். புல்தரைக்கு அவர் தாளில் பெரிய இடம் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் மதிப்பு 450,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குச் செலவு செய்ததால் நீங்கள் 465,000 கேட்கிறீர்கள். வங்கி இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன் தரும். 90 விழுக்காடு என்றால் 405,000. மீதி 60,000 ரிங்கிட்டை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். மதிப்பு விலைக்கே விற்றிருந்தால் அவருக்கு 45,000 போதும். முதல் வீடு வாங்கும் இளம் தம்பதிக்கு அந்த 15,000 பெரிய விஷயம். தோட்டம் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அப்படியென்றால் ஒன்றும் செய்ய வேண்டாமா? செய்ய வேண்டும். ஆனால் விலையை ஏற்றுவதற்காக அல்ல, கேட்ட விலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக. முன்பக்கம் காடாகக் கிடந்தால், "கூரையையும் இப்படித்தான் வைத்திருப்பார்களோ?" என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வரும். பேரம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் காசு செலவில்லாத வேலை

கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாதது படத்தில் தெரியும். போர்ச்சில் பாசி, துருப்பிடித்த கேட், செத்துப்போன பூச்சட்டிகள், யாரும் ஓட்டாத சைக்கிள், பழைய டயர். இவற்றை அகற்ற ஒரு வார இறுதி போதும்.

டயர், வாளி, சட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, லோங்காங்கில் அடைத்த இலை ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரை அலட்சியமாக விடாதீர்கள். வீடு காலியாகக் கிடந்தால் இன்னும் கவனம் தேவை. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, ஏடிஸ் கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்தால் 500 ரிங்கிட் வரை அபராதம் கட்டச் சொல்லலாம். நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மாலையில் வீடு பார்க்க வந்தவர் காலைச் சொறிந்துகொண்டே நின்றால் என்ன நினைப்பார்?

வெட்டிய கிளைகளை மூலையில் குவித்து எரிக்க வேண்டாம். கோலாலம்பூர், ஜொகூர், நெகிரி செம்பிலான் போன்ற இடங்களில் தோட்டக் கழிவை எடுக்க வாரத்தில் ஒரு நாள் உண்டு. சிலாங்கூர், பினாங்கு, பேராக்கில் முறை வேறு. உங்கள் ஊராட்சி மன்றத்தைக் கேளுங்கள்.

புல்லுக்குப் பொறுமை வேண்டும்

பலர் தவறு செய்வது இங்கேதான். போட்டோ எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் மெஷின்காரரைக் கூப்பிட்டு, "ஒட்ட வெட்டுங்க" என்பார்கள். புல் அடிவரை போய், மஞ்சளும் மண்ணுமாக, சொறி பிடித்த மாதிரி இருக்கும். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. நெடுநெடுவென்று வளர்ந்திருந்தால் ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாகக் குறையுங்கள். கடைசி வெட்டு, படம் எடுக்க மூன்று நான்கு நாள் முன்னால் இருக்கட்டும்.

அதனால் ஆறு வாரம் முன்பே ஆரம்பிப்பது நல்லது. முதலில் களை. தொட்டாச்சிணுங்கியையும், கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒட்டுப்புல்லையும் மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்கலாம், சுலபமாக வரும். ஸ்டோர் ரூமில் தாத்தா காலத்து பாராகுவாட் புட்டி இருந்தால் தொடாதீர்கள். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. களை போனதும் நைட்ரஜன் உள்ள உரத்தைக் கொஞ்சமாகத் தூவி உடனே தண்ணீர் விடுங்கள். வெயிலில் காய்ந்த புல்மேல் கொட்டினால் கருகிவிடும்.

வழுக்கை விழுந்த இடத்தில் மட்டும் புதுப் புல் துண்டு பதித்தால் போதும், முழுத் தரையையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் கார் ஏறி இறுகிய மண்ணைக் கொத்தாமல் மேலே பதித்தால் வேர் பிடிக்காது. வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை தினமும் தண்ணீர். மாமரத்து நிழலில் பிலிப்பைன்ஸ் புல் போட்டுக் காசை வீணாக்காதீர்கள், அதற்கு முழு வெயில் வேண்டும். நம் ஊர் 'கவ் கிராஸ்' நிழலைத் தாங்கும். அதுவும் வராத இடத்தில் கூழாங்கல் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

செயற்கைப் புல்? என் கருத்தில் வேண்டாம். மதிய வெயிலில் கால் வைக்க முடியாது, வாங்குபவருக்குப் பிடிக்காவிட்டால் பிடுங்கும் செலவு அவர் தலையில்.

முருங்கை, கறிவேப்பிலை, துளசி

நம் வீடுகளுக்கே உரிய கேள்வி இது. கறிவேப்பிலையை விட்டுவிடுங்கள், யார் வாங்கினாலும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். எங்கள் வீடு கைமாறியபோது, புது வீட்டுக்காரர் சாவியை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வியே அந்தச் செடியைப் பற்றித்தான். முருங்கைக் கிளை சுலபமாக முறியும். கார் நிற்கும் இடத்துக்கு மேலே சாய்ந்திருந்தால் கிளையைக் கழியுங்கள், மறுபடி துளிர்க்கும். துளசி மாடத்தை விற்பதற்காக இடிக்க வேண்டியதில்லை. கொண்டுபோக நினைத்தால், ஒப்பந்தம் போடும் முன்பே ஏஜென்டிடம் சொல்லிவிடுங்கள்.

மாமரம் மாதிரி பெரிய மரத்தை வெட்டும் முன் டேப் எடுங்கள். 1976ஆம் ஆண்டு நகர், புறநகர்த் திட்டமிடல் சட்டப்படி, தண்டின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், தீபகற்ப மாநிலங்களில் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்துள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு. கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம். வேலிக்கு வெளியே, ரோட்டோரப் புல்தரை பெரும்பாலும் உங்கள் நிலம் அல்ல. அங்கே கூட்டிப் பெருக்கலாம், சிமெண்ட் போடக் கூடாது.

மறைக்கக் கூடாதது

மழை வந்தால் தண்ணீர் நிற்கும் மூலையில் புதுப் புல்லைப் பதித்து மூடிவிட்டால் போச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். வாங்குபவர் "தண்ணி நிக்குமா?" என்று கேட்டு, நீங்கள் தெரிந்தே "இல்லை" என்றால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது தவறான கூற்று, அவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். புல்லுக்கு வைத்த காசை வடிகாலுக்குப் போடுங்கள்.

ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டு முதல் இல்லை. வடிகால், மதில் போல சொத்தின் மதிப்பைக் கூட்டிய, விற்கும்போதும் அங்கே இருக்கிற வேலைகளின் செலவை லாபத்திலிருந்து கழிக்கக் கேட்கலாம். மாதாமாதம் புல் வெட்டிய கூலி அதில் சேராது.

வீடு பார்க்க ஆள் வரும் நாளில் காலையிலேயே தண்ணீர் விட்டு, காரைப் போர்ச்சிலிருந்து எடுத்து வெளியே நிறுத்துங்கள். செருப்பு அடுக்கையும் கொஞ்சம் பாருங்கள்.