பிரிஸ்டல் இடுகாடும் ஊர்த் தொண்டரும்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழ்வோர்க்கு, அயல்மண்ணில் மறைந்தவர்களின் அடக்கத்தலங்களை யார் பேணுவர் என்னும் வினா ஒரோவழி எழுவதுண்டு. உற்றாரும் உறவினரும் அருகில் இல்லை. அரசின் கையோ எல்லா இடத்துக்கும் எட்டுவதில்லை. இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மக்கள் தம் செயலால் அளித்த விடையை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தை அவ்விடைக்கு நேர்ந்த ஒரு சோதனை என்றே கூறலாம்.

பிரிஸ்டலில் உள்ள ஆர்னோஸ் வேல் இடுகாடு 45 ஏக்கர்ப் பரப்புடையது. அந்நாளில் நகர் நடுவே இருந்த தேவாலய முற்றங்கள் பிணக்குழிகளால் நிரம்பி வழிந்தன. 1832இல் வாந்திபேதி நோய் அந்நகரைத் தாக்கியபோது, நெருக்கமான இடுகாடுகளைப் பற்றிய அச்சம் மேலும் மிகுந்தது. எனவே ஊருக்குப் புறத்தே, மரங்கள் சூழ்ந்த சோலைபோல் ஓர் இடுகாடு அமைக்க 1837இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. 1839இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தியர்களாகிய நமக்கு இவ்விடம் அயலானதன்று. வங்கத்தின் பெருஞ் சீர்திருத்தவாதி ராஜா ராம்மோகன் ராய் இங்கேதான் துயில்கொள்கிறார். முகலாய மன்னர் இரண்டாம் அக்பரின் தூதராக 1831இல் இங்கிலாந்து சேர்ந்த அவர், உடன்கட்டை ஏறுதலைத் தடுத்த சட்டத்தை எதிர்த்தோரின் மேல்முறையீடு 1832இல் தள்ளுபடியானதைக் கண்டு மகிழ்ந்தார். மறு ஆண்டு பிரிஸ்டலுக்கு விருந்தினராக வந்தவர், 1833 செப்டம்பர் 27இல் நோயுற்று மறைந்தார். முதலில் அவர் தங்கியிருந்த மாளிகையின் தோட்டத்தில் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. 1843இல் இரவீந்திரநாதரின் பாட்டனார் துவாரகநாத் தாகூரின் முயற்சியால் அஃது ஆர்னோஸ் வேலுக்கு மாற்றப்பெற்று, தூண்கள் தாங்கும் இந்திய முறை மண்டபம் ஒன்றும் எழுப்பப்பெற்றது. ராய் அவர்களின் இறுதி நாட்களைப் பற்றி நூல் எழுதியவரும், பின்னர் இந்தியாவுக்கு நான்கு முறை வந்து பெண்கல்விக்குப் பாடுபட்டவருமான மேரி கார்ப்பென்டர் அம்மையாரும் 1877இல் இதே இடுகாட்டில் அடக்கமானார்.

இத்தகைய இடமும் காலப்போக்கில் சீர்குலைந்தது. புதைப்பதற்கு இடம் குறையக் குறைய வருவாய் குன்றிற்று. வருவாய் குன்றவே பராமரிப்பும் நின்றது. முட்புதர்கள் பாதைகளை மூடின. மரவேர்கள் கல்லறைகளைப் பிளந்தன. 1987இல் உரிமையாளர் நிலத்தின் ஒரு பகுதியில் கட்டடங்கள் எழுப்ப எண்ணியபோது ஊரார் கிளர்ந்தெழுந்தனர். 1998இல் இடுகாட்டின் வாயிலை அடைக்கும் நிலை வந்தபோது, அதைத் திறந்துவைக்க முன்வந்தவர்களும் அவ்வூர்ப் பொதுமக்களே. ஐந்தாண்டுகள் சென்றபின், 2003இல் நகராட்சி சட்டத்தின் வழி நிலத்தைக் கையகப்படுத்தியது. பின்னர் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் திருப்பணி நிகழ்ந்தது. ராய் அவர்களின் மண்டபமும் 2008இல் செப்பம் பெற்றது.

ஆயினும் திருப்பணி முடிந்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை. புதர் மீண்டும் வளரும். கொடி மீண்டும் கல்லைப் பற்றும். பறவைகள் கூடு கட்டும் பருவத்தை விலக்கி, குளிர்காலத்தில் புதர் களைய வேண்டும். கல்லில் ஊன்றிய கொடியை வலிந்து இழுத்தால் எழுத்தே பெயர்ந்துவிடுமாதலின், அதை அடியில் அறுத்து உலரவிட வேண்டும். எல்லாவற்றையும் வெட்டி வெறுமையாக்கினால் அங்கு வாழும் உயிரினங்கட்குக் கேடு. இவ்வளவு பொறுமை வேண்டும் பணியைக் கூலி கொடுத்து மட்டும் நிறைவேற்றுதல் அரிது. தொண்டரே இதற்கு ஆதாரம்.

இந்நிலையில்தான் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் 23இல் இங்கிலாந்து மக்கள் வீட்டிலேயே இருக்குமாறு பணிக்கப்பெற்றனர். வெவ்வேறு வீட்டார் இருவருக்கு மேல் பொது இடத்தில் கூடுதல் ஆகாது என விதிக்கப்பெற்றது. எழுபது வயது கடந்தோர் தனித்திருக்குமாறு அறிவுறுத்தப்பெற்றனர். இடுகாட்டுத் தொண்டில் ஈடுபடுவோருள் ஓய்வு பெற்ற முதியோர் பலராதலின், இவ்விதி அவர்களின் கைகளையே கட்டியது. திருமணங்களும் நிகழ்ச்சிகளும் நின்றமையால், அவற்றின் வருவாயைக் கொண்டு நடக்கும் ஆர்னோஸ் வேல் போன்ற இடங்கள் இடருற்றன. அதுவோ வசந்தகாலம், புதர்கள் விரைந்து தழைக்கும் பருவம்.

மற்றொரு புறம், இடுகாட்டின் தேவை அந்நாளில்தான் மிகுந்தது. இறுதிச் சடங்குக்குச் சிலரே வரலாம் என்ற நிலையில், வர இயலாதோர் பின்னர் தனியே வந்து நின்று அழுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. சில ஊர்களில் இடுகாட்டு வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தன. மக்கள் வந்து துக்கம் ஆற்றுதற்கு அவை திறந்திருத்தல் வேண்டுமென ஏப்ரல் 18இல் அரசு அறிவித்தது. ஜூன் மாதம் வெளியிடங்களில் அறுவர் கூட அனுமதி கிடைத்தபின், சிறுசிறு குழுக்களாகத் தொண்டு மீளவும் வழி பிறந்தது. நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் முடக்கம் மீண்டும் வந்து, பணியை இடையிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவதொன்றுண்டு. நினைவுச் சின்னத்தை எழுப்புவோர் செல்வராயிருக்கலாம். அதைக் காப்போரோ அடுத்த தெருவில் வாழும் எளியோர். ராய் அவர்களின் மொழியோ குலமோ அறியாதவர்கள் அவர் உறங்கும் சோலையைக் காக்கின்றனர். ஆண்டுதோறும் செப்டம்பரில் அவருக்கு அங்கு நினைவு வழிபாடு நிகழ முடிவதும், வாயில் திறந்திருப்பதனாலன்றோ!

நம் நாட்டிலும் இதற்கு மறுதலையான கடன் ஒன்று உண்டு. லண்டனில் பிறந்து வடமொழி கற்று, ஆசியக் கழகத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ், 1794இல் மறைந்து கொல்கத்தாவின் தெற்குப் பார்க் தெரு இடுகாட்டில் உறங்குகிறார். கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் ஓய்வான ஒரு காலைப்பொழுதில் ஆங்குச் சென்று வரலாம். ஏனைய நகரங்களில் வாழ்வோரும் தத்தம் அருகிலுள்ள பழைய இடுகாடு எந்நிலையில் உள்ளதெனக் கண்டறிந்து, அதைப் பேணுவோர் இருப்பின் அவர்கட்குத் துணை நிற்பது நலம். வந்த ஊரும் நம் ஊரே என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம் என்று கூறி அமைகிறோம்.