முழுகாமல் இருப்பவரும் கடைக் குளிசையும்

கரவெட்டியில் ஒரு பெண் கருவுற்றிருப்பதை நேராகச் சொல்வதில்லை. "அவ முழுகாமல் இருக்கிறா" என்பார்கள். மூன்று மாதம் கழியும்வரை அதுவும் வீட்டுப் படலையைத் தாண்டாது. கண்ணூறு பட்டுவிடும் என்ற அச்சமே காரணம்.

1980களின் முற்பகுதியில் நெல்லியடியில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். அயல்வீட்டு இளம்பெண் மாமியாருடன் வந்து, சலக்கடுப்புக்குக் குளிசை கேட்டார். அவர் முழுகாமல் இருப்பது என் மனைவி மூலம் எனக்குத் தெரியும். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சில கப்சூல்கள் தாளில் சுற்றிக் கொடுக்கப்பட்டன. அடுத்த வீட்டு இரகசியத்தைப் பொதுவிடத்தில் சொல்வது முறையல்ல என்று நானும் பேசாதிருந்தேன். பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆயினும் என் மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த உறுத்தலே இம்மருந்துகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய அமெரிக்க ஆய்வுகூடத்திலிருந்து 1948 இல் ஓரியோமைசின் வெளிவந்தது. ரெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. எத்தனையோ உயிர்களைக் காத்த அக்குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு: அது கல்சியத்துடன் ஒட்டிக்கொள்ளும். நான்காம் மாதத்துக்குப் பின் தாய் விழுங்கினால், கருவில் உருவாகும் பாற்பற்களில் மஞ்சள், பழுப்புக் கறை படியும். குழந்தைகளின் பற்களில் இக்கறை படிவது பற்றிய முதல் அறிக்கைகள் 1950களின் பிற்பகுதியிலேயே வெளிவந்தன.

எங்கள் பக்கத்து நெருப்புக் காய்ச்சலுக்கு அருமருந்தாயிருந்த குளோரம்பெனிக்கோல், புதிதாய்ப் பிறந்த சிசுக்களை உடல் சாம்பல் நிறமாகிச் சாகச் செய்யக்கூடும் என்பது 1959 இல் வெளிப்பட்டது. சயரோகத்துக்கு ஊசியாகக் கொடுக்கப்பட்ட ஸ்ரெப்ரோமைசின் கருவிலுள்ள சிசுவின் செவிப்புலனைத் தாக்கவல்லது. கோ-ரைமொக்சசோலில் உள்ள ஒரு கூறு போலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பது. ஆகவே அது முதல் மூன்று மாதங்களில் கூடியவரை தவிர்க்கப்படுகிறது. உறுப்புகள் உருவாகும் அந்த மூன்று மாதங்களைத்தான் நாங்கள் ஊருக்கு மறைக்கிறோம்.

விழுங்குவது இன்னதென்று தெரிந்தால்தானே கேள்வி பிறக்கும்? மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் இயற்பெயர் வழங்கப் பாடுபட்டார். 1977 இல் கயானாவில் அவர் காலமானார். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டில் மருந்தே அரிதாயிற்று. மிஞ்சிய குளிசையைப் பொத்திவைத்து அடுத்த காய்ச்சலுக்கு விழுங்கும் பழக்கத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். தடை போனபின்னும் அப்பழக்கம் முற்றாகப் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு, அன்ரிபயோட்டிக் என்றாலே நஞ்சு என்று யாரும் எண்ணிவிடலாகாது. அது மற்றொரு ஆபத்து. கர்ப்பிணியின் சலக்கடுப்பைக் கவனியாது விட்டால் தொற்று சிறுநீரகம்வரை ஏறலாம். குறைமாதப் பிரசவமும் நேரலாம். பெனிசிலின், அமொக்சிசிலின் போன்றவை கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருபவை. ஒவ்வாமை இல்லாதவர்கள் மருத்துவர் சொன்னபடி, சொன்ன நாள்வரை எடுக்கலாம். தவறான மருந்தை விழுங்குவதும், சரியான மருந்தை அச்சத்தால் பாதியில் நிறுத்துவதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன், 1857 இலேயே பிரசவ வைத்தியத்தைத் தமிழில் நூலாக்கினார். மகப்பேற்றைப் பற்றித் தமிழில் பேச எமக்கு அன்றே சொற்கள் இருந்தன. இன்று கரவெட்டியில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை உண்டு; வீடு தேடிவரும் மருத்துவிச்சியும் உண்டு. மருந்து கேட்கும்போது "நான் முழுகாமல் இருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ஊருக்கு மறைப்பது அவரவர் விருப்பம். மருந்து தருபவருக்கு மறைக்கலாகாது.