அறளை பெயர்ந்தவரும் ஆன்மாவும்

முதுமையில் நினைவு குலைவதை யாழ்ப்பாணத்தார் அறளை பெயர்தல் என்பர். பெற்ற பிள்ளையையே "நீ ஆர்?" என்று கேட்பவர் பழைய ஆள்தானா? புத்தூர் போன்ற வலிகாமத்துச் சைவ ஊர்களில் வேரூன்றிய சைவ சித்தாந்தம் இக்கேள்விக்கு இடம் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அந்தக்கரணங்களில் எதுவும் ஆன்மா அன்று என்கிறது. அமைச்சரோடு கூடிய அரசன்போல ஆன்மா அவற்றோடு கூடிநின்று ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளை, அடைகிறது. நனவில் புருவநடுவிலும், கனவில் கண்டத்திலும், உறக்கத்தில் இருதயத்திலும் நிற்கும். உறக்கத்தினும் ஆழ்ந்த துரியத்தில் உந்திக்கும், அதையும் கடந்த துரியாதீதத்தில் மூலாதாரத்துக்கும் இறங்கும். கருவிகள் ஒவ்வொன்றாய்க் கழன்றாலும் ஆன்மா அழிவதில்லை.

அறளையை இந்நூல் தனியே ஆராயவில்லை. ஆனால் நினைவு கழன்றாலும் ஆள் கழலவில்லை என்பதே இதன்படி பெறப்படும் முடிவு. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் 1694இல் நினைவுணர்வின் தொடர்ச்சியிலேயே ஆளின் ஒருமையைக் கண்டார். அவ்வழியில் மறந்தவர் வேறொருவராகிவிடுவார். அறளை பெயர்ந்தவரைப் பராமரிக்கும் வீட்டுக்கு மெய்கண்டாரின் விடையே கூடுதல் நீதி செய்கிறது.

இந்நூலுக்கு யாழ்ப்பாணத்தோடு வேறொரு தொடர்பும் உண்டு: அங்கு வட்டுக்கோட்டையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டனின் சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பு 1854இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1848இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிச் சைவக் கல்விக்கு வழி திறந்திருந்தார்.