நிலக்கீழ்ப் பாதைகள் யாருக்காக?

பெருநகரங்களைக் காணச் செல்லும் பயணி அவற்றின் நிலக்கீழ்ப் புகையிரதங்களை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். எது வேகமானது, எது அழகானது என்றே அவன் பார்க்கிறான். அச்சுரங்கங்கள் யாருடைய நன்மைக்காகத் தோண்டப்பட்டன என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி.

உலகின் முதலாவது நிலக்கீழ்ப் பாதை 1863 ஜனவரி 10இல் இலண்டனில் திறக்கப்பட்டது. சேரிகளில் நெருக்குண்டு வாழ்ந்த தொழிலாளர் நகருக்கு வெளியே குடியேறி, குறைந்த செலவில் வேலைக்கு வந்து திரும்பவேண்டும் என்பது, அதற்காக நெடுங்காலம் வாதாடிய சார்ள்ஸ் பியர்சனின் விருப்பம். அவர் 1862இல் மறைந்தார். பாதையை அமைத்ததோ இலாபம் நாடிய தனியார் கம்பனி. அதன்பொருட்டு ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. சொத்துடையோர் நட்டஈடு பெற்றனர்; வாடகைக்கு இருந்தோர் வேறு சேரிகளில் ஒதுங்கினர். 1864இல் தொழிலாளருக்கென அதிகாலை வண்டிகள் ஓடத் தொடங்கின. ஆயினும் மலிவுக் கட்டணத்தைப் புகையிரதக் கம்பனிகளின் கடமையாக்க 1883இல் சட்டமே தேவைப்பட்டது.

பாரிஸ் பாதை 1900 ஜூலை 19இல் திறக்கப்பட்டது. அதனைத் தம் பாதைகளோடு இணைக்கப் பெரும் புகையிரதக் கம்பனிகள் முயன்றன. நகரசபை இணங்கவில்லை, அவற்றின் வண்டிகள் நுழையாதவாறு சுரங்கங்களை ஒடுக்கமாக அமைத்தது. எனினும் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிரிவினை 1991 வரை நீடித்தது.

நியூயோர்க்கில் 1904 முதல் 1948 வரை, தூரம் எதுவாயினும் கட்டணம் 5 சதமே. அதனை உயர்த்தினால் வாக்குகளை இழப்போம் என்று அரசியல்வாதிகள் அஞ்சினர்.

மொஸ்கோவில் 1935 மே 15இல் திறக்கப்பட்ட நிலையங்கள், மாளிகைக்குரிய பளிங்கையும் சரவிளக்கையும் உழைப்பாளியின் அன்றாட வழியில் கொண்டுவந்து வைத்தன. அது பெருஞ்சாதனை. ஆனால் அவற்றைத் தோண்டியோரில் பலர் நெரிசலான மரக்கொட்டகைகளில் உறங்கினர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

1940 செப்டெம்பரில் இலண்டன்மீது ஜெர்மன் குண்டுகள் பொழிந்தன. நிலக்கீழ் நிலையங்களைப் புகலிடமாக்க அரசாங்கம் முதலில் இசையவில்லை. மக்கள் மலிவான பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு இறங்கினர்; மேலே திரும்ப மறுத்தனர். அரசாங்கம் பணிந்தது, பின்னர் அங்கே படுக்கைகளும் அமைக்கப்பட்டன.

பயணி இன்று இயல்பாக அனுபவிக்கும் வசதிகளுள் பல இவ்வாறு கேட்டும், மறுத்தும், போராடியும் பெறப்பட்டவை. சுரங்கத்தை வெட்டுவதற்குப் பொறியியல் போதும். அதனைப் பொதுமக்களின் உடைமையாக்குவதற்கு மக்களே முன்வரவேண்டியிருந்தது.