டிஜிட்டல் தெர்மாமீட்டரை நம்பலாமா? 98.6-இன் கதை

"டிஜிட்டல் எல்லாம் சும்மா, பழைய பாதரசம்தான் சரியாகக் காட்டும்." வீட்டில் யாராவது காய்ச்சலில் படுத்தால் ஒரு பெரியவராவது இதைச் சொல்லிவிடுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வைத்துப் பாருங்கள். ஒரு தடவை 99.1 காட்டும், அடுத்த தடவை 98.4 காட்டும். எதை நம்புவது? மாத்திரை போடுவதா, டாக்டரிடம் போவதா, ஓய்வெடுத்தால் போதுமா என்பதையெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்!

ஆனால் இந்தச் சந்தேகம் டிஜிட்டலோடு வந்ததல்ல. தெர்மாமீட்டருக்கு என்ன வயதோ, அதே வயதுதான் இதற்கும். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

காற்றை நம்பிய காலம்

1600களின் தொடக்கத்தில் இத்தாலியில் சாந்தோரியோ என்ற மருத்துவர் இருந்தார். வெப்பத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் அளவுக்கோடுகள் போட்டு, அதை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்தவர் அவர். குழாயின் மேல் குமிழுக்குள் இருக்கும் காற்று சூடானால் விரியும், அதற்கேற்ப கீழே உள்ள நீர் இறங்கும். நல்ல யோசனைதான். ஆனால் குழாயின் அடிப்பக்கம் திறந்திருந்ததால் வெளிக்காற்றின் அழுத்தம் மாறினாலும் நீர்மட்டம் மாறிவிடும். காய்ச்சல் ஏறியதா, வானிலை மாறியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. காற்றழுத்தம் என்ற ஒன்றை டோரிசெல்லி தன் பாதரசக் குழாயால் காட்டியதே 1640களில்தான்.

இரண்டும் ஒன்றுபோல் காட்டினால்?

அடுத்து ஃபாரன்ஹீட் வருகிறார். 1714-இல் அவர் செய்த இரண்டு தெர்மாமீட்டர்கள் ஜெர்மனியில் கிறிஸ்டியன் வோல்ஃப் என்ற பேராசிரியரின் கைக்குப் போயின. வோல்ஃப் வியந்து எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? இரண்டும் ஒரே அளவைக் காட்டின என்பதைப் பற்றி! இன்று நமக்கு இது சாதாரணம். அன்று அதுவே செய்தி.

இதில் இன்னொரு வேடிக்கை. 1724-இல் தன் அளவுமுறையை விளக்கியபோது, ஆரோக்கியமான மனிதனின் உடல் சூட்டை 96 என்று வைத்து, அதையே அளவுகோலின் ஒரு நிலைப்புள்ளியாக்கினார் ஃபாரன்ஹீட். அதாவது தெர்மாமீட்டரை வைத்து உடம்பை அளப்பதற்கு முன்னால், உடம்பை வைத்துத் தெர்மாமீட்டரை அளந்திருக்கிறார்கள். பிற்பாடு தண்ணீர் கொதிக்கும் நிலையை 212 என்று உறுதிசெய்து அளவுகோலைத் திருத்தியபோது உடல் சூடு 96-இலிருந்து நகர்ந்துவிட்டது.

98.6 எங்கிருந்து வந்தது?

இதற்குப் பதில் லைப்சிக் நகரில் இருக்கிறது. அங்கே மருத்துவராக இருந்த கார்ல் வுண்டர்லிஷ், சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகளைச் சேர்த்ததாகச் சொல்வார்கள். 1868-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். காய்ச்சல் என்பது ஒரு தனி நோய் அல்ல, நோயின் அறிகுறி என்ற எண்ணம் வலுப்பெற அவர் உழைப்பு பெரிய காரணம். ஆரோக்கியமான உடம்பின் சராசரி 37 டிகிரி செல்சியஸ் என்றார். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. கவனியுங்கள், 37 என்பது முழு எண். மாற்றிக் கணக்குப் போட்டதும் ஒரு தசமப் புள்ளி ஒட்டிக்கொண்டு, ஏதோ மிகத் துல்லியமாக அளந்தது போன்ற தோற்றம் வந்துவிட்டது.

அந்தக் காலத்துத் தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஒரு அடி நீளம் இருக்கும், அளவெடுக்க இருபது நிமிடம் ஆகும். ஆறு அங்குலத்தில், ஐந்தே நிமிடத்தில் அளக்கும் கருவியை இங்கிலாந்தின் தாமஸ் கிளிஃபர்ட் ஆல்பட் 1860களில் கொண்டுவந்த பிறகுதான் அது டாக்டரின் சட்டைப்பைக்கு வந்தது, பின்னர் வீட்டுக்கும் வந்தது.

1992-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மாக்கோவியாக் என்ற மருத்துவரின் குழு, ஆரோக்கியமான 148 பேரிடம் மின்னணுத் தெர்மாமீட்டரால் 700 முறை அளந்தது. சராசரி 98.2. நாம் வேதவாக்காக வைத்திருக்கும் 98.6 வந்தது நூற்றில் எட்டு தடவைதான். அதிகாலை ஆறு மணிக்குச் சூடு குறைவு, மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள் அதிகம். வுண்டர்லிஷ் பயன்படுத்திய ஒரு தெர்மாமீட்டர் ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாக்கோவியாக் அதையும் சோதித்தார். இன்றைய கருவிகளைவிட ஒரு டிகிரி செல்சியசுக்கும் மேல் அதிகமாகக் காட்டியது!

அப்படியானால் பழி முழுவதும் பழைய கருவி மேல்தானா? அதுவும் இல்லை. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1860கள் முதல் 2017 வரையிலான அமெரிக்கப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். பிறந்த பத்தாண்டு ஒவ்வொன்றுக்கும் சராசரி சூடு சுமார் 0.03 டிகிரி செல்சியஸ் குறைந்து வந்திருக்கிறது. ஒரே காலகட்டத்துப் பதிவுகளுக்குள்ளேயே இந்தச் சரிவு தெரிவதால், கருவி மட்டுமல்ல, மனித உடம்பும் மாறியிருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

பாதரசம் ஏன் போனது?

தப்பாகக் காட்டியதால் அல்ல, அதன் நஞ்சினால். இது நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் கொடைக்கானலுக்கு வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே பழைய சாமான் கிடங்கில் கிடந்தது அம்பலமானதும் 2001-இல் மூடப்பட்டது. இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல்தான். இதற்கிடையே 2013-இல் உருவான மினமாட்டா ஒப்பந்தம், பாதரசத் தெர்மாமீட்டர் உற்பத்திக்கு 2020-ஐக் கெடுவாக வைத்தது.

சரி, டிஜிட்டலை நம்பலாமா?

அதன் நுனியில் தெர்மிஸ்டர் என்ற சிறு பொருள் இருக்கிறது. சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். சில்வர் சல்ஃபைடில் இப்படி நடப்பதை 1833-லேயே ஃபாரடே கவனித்திருக்கிறார். உள்ளே இருக்கும் சிப் அந்த மின்தடையை எண்ணாக மாற்றுகிறது. சூடு ஏறும் வேகம் அடங்கியதும் 'பீப்' அடிக்கிறது. சில மாடல்கள் முழுதாக ஏறும் வரை காத்திராமல், எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட்டே சொல்லிவிடும். நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் காய்ச்சல் எல்லையில் 0.1 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் பிசக வேண்டும் என்பது தர விதி. ஃபாரன்ஹீட்டில் அது 0.2.

அப்படியென்றால் 99.1-க்கும் 98.4-க்கும் நடுவே இருக்கும் 0.7 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நம்மிடமிருந்துதான். காபி குடித்த வாய், சரியாக ஒட்டாத அக்குள், பீப் அடிக்கும் முன்னே எடுத்த அவசரம், தீரப்போகும் பேட்டரி. பாதரசத்திலும் இதே கதைதான். உதறி இறக்க மறந்தால், போன முறை வந்த காய்ச்சலையே அது காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே, சாப்பிட்டுக் குடித்து அரை மணி நேரம் போகட்டும். ஒரே கருவி, ஒரே இடம். எண்ணோடு நேரத்தையும் எழுதி வையுங்கள். காலை 98, மாலை 99 என்றால் அது உடம்பின் இயல்பாகவே இருக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 அல்லது அதற்கு மேல் காட்டினால் மட்டும் கருவியோடு வாதாட வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். அதேபோல் ஆள் துவண்டு கிடக்கும்போது திரையில் 98.6 என்று வந்தால், எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.