செலினியம் மாத்திரை பிறந்த கதை

கடலூர் செம்மண்டலம் பக்கம் எந்த மெடிக்கலிலும் 'ஆன்ட்டி ஆக்சிடன்ட்' என்று கேட்டால் கேப்சூல் அட்டை ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் வைட்டமின், துத்தநாகம் எல்லாம் மில்லிகிராம் கணக்கில் இருக்கும். செலினியம் மட்டும் மைக்ரோகிராம் கணக்கில் நிற்கும். கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டு அளக்க வேண்டிய சரக்கு அது. மனிதன் அதை முதலில் நஞ்சாகத்தான் கண்டான்.

1817-இல் சுவீடனில், கந்தக அமிலத் தொழிற்சாலையில் அடியில் தங்கிய செந்நிற வண்டலை ஆராய்ந்தபோது பெர்சீலியஸ் என்ற வேதியியலாளருக்கு இந்தத் தனிமம் அகப்பட்டது. நூறாண்டுக்கு மேல் கழித்து, 1930-களில், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மேய்ந்த குதிரைகளுக்குப் பிடரி மயிர் கொட்டியது, மாடுகளுக்குக் குளம்பு கழன்றது. மண்ணில் மிகுந்திருந்த செலினியம் புல் வழியாக உடம்பில் ஏறியிருந்தது. நம் நாட்டில் பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் வட்டாரத்துச் சில ஊர்களில் இதே கொடுமையை எருமைகள் பட்டிருக்கின்றன. 1943-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, செலினியம் கலந்த தீனி தின்ற எலிகளின் ஈரலில் கட்டி வந்ததாகச் சொன்னது. புற்றுநோயைத் தடுக்கும் என்று இன்று நம்பி வாங்கும் பொருளின்மேல் அன்று விழுந்த பழி, அது புற்றுநோயை உண்டாக்கும் என்பதே.

பழி மாறியது 1957-இல். ஒருவகை ஈஸ்ட்டை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்த எலிகளுக்கு ஈரல் அழுகிப் போவதை கிளவுஸ் ஷ்வார்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்து வந்தார். அவற்றைக் காப்பாற்றிய பொருளைத் தேடிப் போனவர் கையில் கடைசியில் வந்து நின்றது செலினியம். துளியாக இருந்தால் உயிர்காக்கும் சத்து என்று அன்றுதான் தெரிந்தது. அது செய்யும் வேலை 1973-இல் விளங்கியது. நம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது பெராக்சைடு என்ற கழிவு உண்டாகிறது. அது மரபணுவைக் குத்திக் கிழிக்கக்கூடியது. அதை உடனுக்குடன் தண்ணீராக மாற்றிவிடும் நொதியொன்று, குளூட்டாதயோன் பெராக்சிடேஸ், நம்மிடம் இருக்கிறது. அந்த நொதியின் மையத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு செலினியம் அணு.

இதற்கிடையில், 1969-இல், ஷாம்பெர்கர், ஃபிராஸ்ட் என்ற இருவர் செலினியம் குறைந்த பகுதிகளில் புற்றுநோய்ச் சாவு கூடுதல் என்று எழுதினார்கள். மாத்திரைக்கு விதை விழுந்தது அங்கேதான். அதை முளைக்க வைத்தவர் அரிசோனா பல்கலைக்கழகத்து லாரி கிளார்க். மண்ணில் செலினியம் குறைந்த கிழக்கு அமெரிக்காவில், ஒருமுறை தோல் புற்றுநோய் வந்துபோன 1,312 பேரை 1983 முதல் சேர்த்தார். பாதிப் பேருக்கு நாளுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் ஏற்றிய ஈஸ்ட் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் ஈஸ்ட். தோல் புற்றுநோய் மறுபடி வராமல் தடுக்குமா என்பதுதான் கேள்வி. தடுக்கவில்லை. ஆனால் 1996-இல் முடிவு வெளியானபோது, மொத்தப் புற்றுநோய்ச் சாவு பாதியாகியிருந்தது. புராஸ்டேட் புற்றுநோய் 63 சதவீதம் குறைந்திருந்தது. கேட்ட கேள்விக்கு 'இல்லை' என்ற பதில், கேட்காத கேள்விக்கு 'ஆமாம்'. உலகம் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டது. கடையில் மாத்திரைக்கு மவுசு வந்தது.

நம் பக்கத்திலும் வேலை நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் திருநாவுக்கரசு, சக்திசேகரன் இருவரும் ஈரல் புற்றுநோய் உண்டாக்கிய எலிகளுக்குச் செலினியம் கொடுத்து, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடிவுகளை எழுதினார்கள். நோயால் நிலைகுலைந்த நொதிகள் அதனால் மீள்வதைக் கண்டார்கள். அதே காலத்தில் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில், நாகினி குழுவினர் ஹாம்ஸ்டர் எலியின் கன்னப் பையில் புற்றுநோயை உண்டாக்கிப் பூண்டும் வேப்பிலையும் அதைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். வெற்றிலை, புகையிலை போடும் ஊருக்குக் கன்னத்துப் புற்றுநோயைவிட முக்கியமான ஆராய்ச்சி எது?

செலினியத்துக்கு எலியில் நல்ல பதில் கிடைத்தது. மனிதனில் தெரிய வேண்டும். 2001-இல் அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோவில் 35,533 ஆண்களோடு, புராஸ்டேட் புற்றுநோயை அது தடுக்குமா என்று பார்க்க, 'செலக்ட்' என்ற பெரும் சோதனை தொடங்கியது. பலனில்லை என்று தெரிந்து 2008 அக்டோபரில் முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2014-இல் வந்த மறுபார்வை இன்னும் கடுமையானது: உடம்பில் ஏற்கெனவே செலினியம் நிறைந்திருந்தவர்களில் மாத்திரை தின்றவர்களுக்கு, தீவிர வகைப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் அபாயம் கூடியிருந்தது. கிளார்க்கின் 1,312 பேரைப் பின்தொடர்ந்தபோதும் மாத்திரை தின்றவர்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாகத் தெரிந்தது.

இரண்டு சோதனையும் பொய் சொல்லவில்லை என்பது என் முடிவு. கிளார்க்கின் ஆட்களில் பலன் கண்டவர்கள், இரத்தத்தில் செலினியம் குறைந்திருந்தவர்கள். 'செலக்ட்' ஆண்களுக்குக் குறையே இல்லை. நம் காவிரி டெல்டாவில் துத்தநாகம் குறைந்த வயலுக்கு ஜிங்க் சல்பேட் போட்டால் நெல் எழும்பும். குறையில்லாத வயலுக்குப் போட்டால் எழும்பாது. சீனாவின் லின்சியானில், சத்துக்குறைந்த மக்களுக்குச் செலினியத்தோடு பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் கொடுத்தபோது புற்றுநோய்ச் சாவு 13 சதவீதம் குறைந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தபின் மெடிக்கலில் நிற்பது கஷ்டமாக இருக்கிறது. ஒரு நாள் என் பக்கத்தில் நின்ற அம்மா, "தம்பி, வீட்டுக்காரருக்கு வாய்ல புண்ணு, ஆறவே மாட்டேங்குது. பாக்கு போடுறவரு. கேன்சர் வராம இருக்க ஒரு சத்து மாத்திரை குடுப்பா" என்றார். கடைக்காரத் தம்பி அட்டையை எடுத்தார். "புண்ணு எத்தன நாளாம்மா?" என்றேன். "ரெண்டு மாசம் இருக்கும்." மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணுக்கு மாத்திரை தேடக் கூடாது, சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, முதலில் அங்கே கூட்டிப் போங்கள், பாக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் எப்போது என்று கேட்டார்.

செலினியம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் உடம்பு நடக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் தேவை நாளுக்கு 40 மைக்ரோகிராம். கடலூர் துறைமுகத்தில் கூறு போட்டு விற்கும் மத்தி மீனில் 100 கிராம் சாப்பிட்டால் அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்தது. மீன் சேராதவர்களுக்கு முட்டை உண்டு, பருப்பு வகைகள் உண்டு. பண்ருட்டி முந்திரியும் ஓரளவு கொடுக்கும். மாத்திரையும் தின்று மீனும் தின்று அளவு நானூறு மைக்ரோகிராமைத் தாண்டி நெடுநாள் போனால் முடி கொட்டலாம், நகம் உடையலாம், பூண்டு தின்னாமலே மூச்சில் பூண்டு வாடை அடிக்கலாம். அந்த வாடை வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்; போகும்போது அட்டையையும் கையில் எடுத்துப் போவது நல்லது.